மெலனோமாவுக்குப் பிறகு ஆயுள் காப்பீடு எடுத்த அனுபவம்

தோல் புற்றுநோய் வந்துவிட்டால் அப்புறம் ஆயுள் காப்பீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று என்னிடம் பலர் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது. கூடுதல் பிரீமியத்தோடு, கேட்ட ரைடர் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பாதுகாப்பு) ஒன்று இல்லாமல், எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான் கிடைத்தது. அந்த வழியில் எனக்குத் தெரிய வந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன். பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் யாருக்காவது இது உதவ வேண்டும்.

எனக்கு வந்தது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வகை, உள்ளங்காலில். கறுத்த தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரிது என்பது உண்மை. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். நோயின் பெயர் தெரிந்த அன்று நான் முதலில் படித்தது அதைத்தான். படித்திருக்கவே வேண்டாம். ஏனென்றால் மெலனோமா என்ற பெயரை மட்டும் வைத்து யாருடைய ஆயுளையும் சொல்ல முடியாது. காப்பீட்டு நிறுவனமும் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

அவர்கள் முதலில் கேட்பது எந்த வகைத் தோல் புற்றுநோய் என்று. பேசல் செல் வகை உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அரிது. அதை முழுதாக எடுத்துவிட்டால் பல நிறுவனங்கள் சாதாரண பிரீமியத்திலேயே பாலிசி கொடுத்துவிடுகின்றன. சிறியதாக இருக்கும்போதே எடுத்த ஸ்குவாமஸ் செல் வகைக்கும் பெரும்பாலும் பெரிய தடை இருக்காது. மெலனோமா என்றால்தான் கோப்பு அண்டர்ரைட்டரின் மேஜைக்குப் போகும். பாலிசி கொடுக்கலாமா, என்ன பிரீமியத்தில் என்று நிறுவனத்தில் முடிவு செய்பவர் அவர்.

அங்கே பார்க்கப்படுவது பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள சில வரிகள். அதில் முக்கியமானது பிரெஸ்லோ தடிமன். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970-இல் முன்வைத்த அளவு இது. கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்லும். 0.8 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, மேலே புண்ணும் இல்லாவிட்டால் அது டி1ஏ, தடிமனை வைத்துப் பிரிக்கும் வரிசையில் முதல் படி. 1 மி.மீ., 2 மி.மீ., 4 மி.மீ. என்று ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் கணக்கு மாறும். 4-ஐத் தாண்டினால் டி4, கடைசிப் படி. நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. என்னுடையது 0.6 மி.மீ., புண் இல்லை. ஸ்டேஜ் 1ஏ, அதாவது ஆரம்பக் கட்டம். இந்த ஒரு வரியை நான் மனப்பாடமாகவே சொல்லுவேன். பிறகு பேசிய ஒவ்வொருவரிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு வட்டம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்குப் பல வருடங்களாகப் பாலிசி போட்டுக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவரிடம்தான் முதலில் பேசினேன். நல்ல பையன். படிவத்தைப் புரட்டிக்கொண்டே, “அக்கா, அந்த மச்சம் எடுத்ததையெல்லாம் எழுதாதீங்க. சின்ன ஆபரேஷன்தானே, யார் பார்க்கப்போறாங்க” என்றார்.

“நான் போன பிறகு பார்ப்பாங்களே தம்பி” என்றேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆலோசனையைப் போல ஆபத்தானது வேறு இல்லை. கிளைம் வரும்போது, அதுவும் பாலிசி எடுத்த முதல் சில ஆண்டுகளுக்குள் வந்தால், நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுக்கும். பயாப்சி செய்த லேப், அறுவை செய்த மருத்துவமனை, வேலையில் எடுத்த மருத்துவ விடுப்பு, எல்லாவற்றிலும் தடயம் இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது 1766-இல் இங்கிலாந்தில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்ன விதி. இன்றைய படிவங்களில் கையெழுத்துக்கு மேலே இருக்கும் உறுதிமொழியின் வேர் அதுதான். பிரான்சில் 2022-இல் வந்த சட்டப்படி, சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தால் வீட்டுக் கடனுக்கான காப்பீட்டில் அந்தப் புற்றுநோயைச் சொல்லவே வேண்டியதில்லை. மற்ற நாடுகளும் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் படிவம் கேட்கிறது என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். என் கணவரும் மகளும் என்னை இழந்த துக்கத்தோடு ஒரு நிறுவனத்தோடும் போராடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சரி, உண்மையை எழுதியே விண்ணப்பம் போனது. வந்த பதில்: ஒத்திவைப்பு. மறுப்பு வேறு, ஒத்திவைப்பு வேறு. மறுப்பு என்றால் கதவை மூடிவிட்டார்கள். ஒத்திவைப்பு என்றால் கொஞ்ச காலம் கழித்து வாருங்கள் என்று பொருள். ஆனால் இரண்டுமே உங்கள் கணக்கில் ஏறிவிடும். அடுத்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும், இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கும்.

ஏன் ஒத்திவைத்தார்கள் என்று எழுதிக் கேட்டேன். கேட்டால் சொல்கிறார்கள். முதல் பயாப்சி ரிப்போர்ட்டில் ‘விளிம்பு வரை கட்டி உள்ளது’ என்று ஒரு வரி இருந்தது. அது சாதாரணமாக நடப்பதுதான். பயாப்சிக்காகக் கொஞ்சமாக வெட்டி எடுக்கும்போது கட்டி விளிம்பைத் தொடலாம். அதற்காகத்தான் இரண்டாவதாக அகல வெட்டு அறுவை செய்கிறார்கள். 1 மி.மீ. வரை உள்ள மெலனோமாவுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். அப்படி எடுத்த துண்டின் ரிப்போர்ட்டில் ‘கட்டி எதுவும் மிச்சமில்லை’ என்று தெளிவாக இருந்தது. நான் கொடுத்த கோப்பில் இரண்டும் இருந்தன. நிறுவனத்துக்குப் போனது முதலாவது மட்டும். அதாவது அண்டர்ரைட்டரின் கண்ணில், என் காலில் கட்டி இன்னும் இருக்கிறது.

அன்று எனக்கு வந்த கோபத்தில் அழுதேவிட்டேன். இவ்வளவு வலியையும் தாங்கி, தையல் பிரித்து, மறுபடி ஊன்றி நடக்கப் பழகிய பிறகு, ஒரு தாள் ஸ்கேன் ஆகாததால் இன்னும் நோயாளியாக நிற்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு தரகரைப் பிடித்தேன். ஒரே நிறுவனத்தின் ஏஜெண்ட் இல்லை; பல நிறுவனங்களோடு வேலை செய்பவர், நோய் வந்தவர்களுக்குப் பாலிசி வாங்கிக் கொடுத்துப் பழக்கம் உள்ளவர். அவர் செய்த முதல் காரியம், எந்த விண்ணப்பமும் போடாமல் இருந்தது. என் பெயரைச் சொல்லாமல் வயது, வகை, தடிமன், ஸ்டேஜ், அறுவை நடந்த தேதி, பழைய ஒத்திவைப்பு ஆகியவற்றை மட்டும் எழுதி, “இப்படி ஒருவர் வந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று பல நிறுவனங்களின் அண்டர்ரைட்டிங் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்பிக் கேட்டார். இது விண்ணப்பம் இல்லை என்பதால் பதிவில் ஏறாது. எனக்குத் தெரிந்தவர்களில் யாருக்கும் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை. புற்றுநோய் வந்த ஒவ்வொருவரும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்வேன்.

பதில்கள் ஆளுக்கொரு மாதிரி வந்தன. ஒரே ரிப்போர்ட்தான். ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் காத்திருக்கச் சொன்னார், இரண்டு பேர் கூடுதல் பிரீமியத்தில் தருகிறோம் என்றார்கள்.

அவர்கள் கேட்ட மருத்துவர் கடிதத்தை என் தோல் மருத்துவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நோய் கண்ட தேதி, இரண்டு அறுவைகளின் முடிவு, கணு பரிசோதனை தேவைப்படாத காரணம், கீமோவோ இம்யூனோதெரபியோ தரப்படவில்லை என்பது, கடைசிப் பரிசோதனையில் என்ன பார்த்தார் என்பது, அடுத்த பரிசோதனை எப்போது என்பது. பரிசோதனைகளைத் தவறவிடாமல் வந்திருக்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரிக்கு நல்ல மதிப்பு இருந்தது என்று தரகர் பிறகு சொன்னார். நோய் இருந்தவர் தன்னைக் கவனித்துக்கொள்கிறாரா என்று அவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது மெலனோமா உண்டா, உடம்பில் வேறு மச்சங்கள் மாறுகின்றனவா என்றும் கேட்டார்கள்.

கிடைத்தது டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது. கூடுதல் பிரீமியத்தை இரண்டு விதமாகப் போடுவார்கள். ஒன்று, பாலிசி முடியும்வரை பிரீமியத்தை இத்தனை சதவீதம் என்று உயர்த்துவது. மற்றது, காப்பீட்டுத் தொகையில் 1,000-க்கு இவ்வளவு என்று சில ஆண்டுகளுக்கு மட்டும் சேர்ப்பது. உதாரணத்துக்கு 1,000-க்கு 5 என்றால் 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 5,000 கூடுதல். எனக்கு இரண்டாவது வகை. நோய் திரும்பும் அபாயம் முதல் சில ஆண்டுகளில் அதிகம், போகப் போகக் குறையும் என்பதால் மெலனோமாவுக்கு இதுதான் நியாயமான முறை என்பது என் எண்ணம். இரண்டு வாய்ப்பு வந்தால் முதல் வருடப் பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், கடைசி வருடம்வரை கூட்டிப் பாருங்கள்.

தீவிர நோய் ரைடர் தர மறுத்துவிட்டார்கள். புற்றுநோயை மட்டும் விலக்கித் தர முடியுமா என்று கேட்டேன். அதற்கும் முடியாது என்றார்கள். வருத்தம்தான். அலுவலகத்தில் மருத்துவக் கேள்வி இல்லாமல் எல்லோருக்கும் கொடுக்கும் குழுக் காப்பீடு இருக்கிறது, அதை இந்தக் காலம் முழுக்க விடாமல் வைத்திருந்தேன். ஆனால் வேலையை விட்டால் அதுவும் போய்விடும். கேள்வியே கேட்காமல் தருகிறோம் என்று வரும் பாலிசிகளையும் பார்த்தேன். தொகை சிறியது, பிரீமியம் பெரியது. அதோடு முதல் சில வருடங்களில் நோயால் இறந்தால், கட்டிய பணத்தை மட்டும் திருப்பித் தருவதாக அவற்றில் பலவற்றில் எழுதியிருக்கிறது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் அது.

பாலிசிப் பத்திரம் வந்ததும் அதோடு இணைத்திருந்த என் விண்ணப்ப நகலை வரிவரியாகப் படித்தேன். மெலனோமா, தேதி, இரண்டு அறுவைகள், பழைய ஒத்திவைப்பு, எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. கூடுதல் பிரீமியம் எந்த ஆண்டோடு நிற்கும் என்பதும் அட்டவணையில் அச்சாகியிருந்தது. அந்தப் பத்திரத்தோடு இரண்டு பயாப்சி ரிப்போர்ட்டுகளையும் மருத்துவர் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, எங்கே வைத்திருக்கிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.