கருவேலம் பிசினில் நின்ற லபுல்பெனியா

பாதம் உடையாமல், கிளை ஒடியாமல் ஒரு முழு லபுல்பெனியா (வண்டின் தோலில் ஒட்டி வளரும் நுண்ணிய பூஞ்சை) கடைசியில் ஸ்லைடில் வந்து படுத்துவிட்டது. கண்மாய்க் கரையில் கல்லைப் புரட்டிப் பிடித்த பெரோப்சோபஸ் வண்டின் மேல் சிறகு ஓரத்திலிருந்து எடுத்தது. பிடிக்கும்போது அது பீய்ச்சிய சூட்டில் என் விரல் நுனி இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், வண்டு கிடைத்ததே!

வண்டிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடல், அடியில் கருத்த பாதம், அந்தப் பாதம் தோலை விடவே விடாது. மினூட்டன் என்னும் மிக மெல்லிய பூச்சி ஊசியால் இடுப்பில் நெம்பினால் பாதம் வண்டிலேயே தங்கிவிடும். மேலே தொட்டால் கிளைகள் போய்விடும். கிளை போனால் இனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிளைகளின் அடியில் இருக்கும் கருத்த செருகு செல்லுக்கு மேலே வெளிக்கிளை எப்படிப் பிரிகிறது, உள்கிளை எவ்வளவு குட்டை என்று பார்த்துத்தானே முடிவுக்கு வர வேண்டும்?

ஸ்லைடில் மாதிரிகளைப் பதிக்கப் பயன்படும் ஹோயர் கலவையை ஊசி நுனியில் தொட்டு எடுப்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. அதற்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட்டை வீட்டில் செய்கிறவர்களுக்கு யார் தருவார்கள்? ஆனால் அந்தக் கலவையில் பிடித்து நிறுத்துவது அரபிக் கோந்து. நம் பக்கத்து நாட்டுக் கருவேலம் பிசின் அதற்கு நெருங்கிய உறவு. காரைக்குடி நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். பூசணம் பிடிக்காமலிருக்க ஓம உப்பு ஒரு சிட்டிகை. தைமால் என்று தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஓம உப்பும் அதுதான்.

பதம் முக்கியம். ஊசி நுனியில் பிசின் காயத் தொடங்கி, தொட்டால் இழுபடும் நிலைக்கு வர வேண்டும். அப்போது நுனியைப் பாதத்துக்குக் கீழே, தோலை உரசினாற்போல நுழைத்து, மேலே தூக்காமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பாதம் விட்ட அந்த நொடியில் உடல் ஊசியோடு வந்துவிடும். ஃபேன் ஓடக் கூடாது, மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்லைடில் மெல்லிய பிசின் தடம் ஒன்று போட்டு, அதில் பக்கவாட்டாகப் படுக்கவைத்துக் காயவிட்டேன். அப்புறம்தான் கிளிசரின், கவர் ஸ்லிப். கிளிசரினில் தண்ணீர் கலந்துவிடாதீர்கள், பிசின் இளகி எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். ஓரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நெயில் பாலிஷ்.

கவர் ஸ்லிப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். தபாலில் வரவழைத்த பெட்டியில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, தடிமனும் ஒரே சீராக இல்லை. 0.17 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், 400 மடங்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இப்போது 400 மடங்கில் பெரிதீசியத்துக்குள், அதாவது வித்துப் பைக்குள், இரு செல் வித்துகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. அமெரிக்கப் பூஞ்சையியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர் இந்தப் பூஞ்சைக் குடும்பத்தைப் பற்றி 1896 முதல் 1931 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட நூலின் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதரின் கோடுகளில் ஒவ்வொரு செல் சுவரும் இருக்கிறது. பேரினம் உறுதி. இனத்துக்கு வித்து நீளம் அளக்க வேண்டும், அது பாக்கி. பதிவேட்டில் வண்டின் இனம், ஆணா பெண்ணா, இடப்பக்கமா வலப்பக்கமா, எந்த ஊர், என்ன தேதி எல்லாம் ஏற்றிவிட்டேன். வண்டு 70 சதவீத ஆல்கஹாலில் அதே எண்ணோடு இருக்கிறது. இடப்பக்கம் வலப்பக்கம் குறிக்காத பதிவு பாதிப் பதிவுதான்.

ஏன் என்றால், அடுத்து எனக்கு நீர்வண்டுகள் மேல் கண். லக்கோஃபிலஸ் என்னும் நீர்வண்டில் வளரும் கைட்டோனோமைசஸ், இதே வகைப் பூஞ்சைதான், வண்டு உடலின் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு உருவத்தில் நிற்கும். தனித்தனி இனம் என்று நெடுங்காலம் எண்ணியவற்றில் சில, ஒரே இனத்தின் உருவங்கள் என்று டிஎன்ஏ காட்டிவிட்டது. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்ததும் வலையோடு இறங்க வேண்டும். வித்து அளவை அதற்குள் முடித்துவிடுவேன். நுண்ணோக்கியின் கண்ணருகு அளவுகோலைச் சரிபார்க்க மேடை அளவுகோல் (நுண்ணிய கோடுகள் பொறித்த ஸ்லைடு) ஒன்று வேண்டும். மதுரைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.