2001 ப்ரெலூடா, 2018 ஒடிஸியா?

இரண்டும் ஹோண்டா: ப்ரெலூட் இரண்டு கதவு கூபே, ஒடிஸி மினிவேன். இரண்டிலும் முன் சக்கரங்கள்தான் இழுக்கின்றன. அமெரிக்காவில் விற்ற 2001 ப்ரெலூடில் 2.2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,340 கிலோ. 2018 ஒடிஸியில் 3.5 லிட்டர் வி6, 280 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 2,050 கிலோ. டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் கூபேக்கு 149, மினிவேனுக்கு 137.

ஆனாலும் சிக்னலில் பச்சை விழுந்ததும் ப்ரெலூட் சுலபமாக முந்திவிடாது. காரணம் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை. ஒடிஸியில் 355 நியூட்டன் மீட்டர், ப்ரெலூடில் 212. அதுவும் ப்ரெலூடின் விடெக் (வேகமாகச் சுற்றும்போது வால்வுகளை அதிகம் திறக்கும் அமைப்பு) கேம் மாறுவது 5,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) வாக்கில்தான். அதற்குக் கீழே அது சாதுவான கார். ஆர்பிஎம் முள்ளை 5,200-க்கும் 7,400-க்கும் நடுவில் வைத்திருக்கக் கை, கால் இரண்டும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். எனக்கு அந்த வேலைதான் இந்தக் காரின் உயிர். வளைவு வந்துவிட்டால் பேச்சே இல்லை: ஒடிஸி ப்ரெலூடைவிட 40 செ.மீ.க்கும் மேல் உயரம், 700 கிலோ அதிகம்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட்: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைப்பது. இரண்டு எஞ்சினிலும் பெல்ட்தான், செயின் இல்லை. ப்ரெலூடில் அதை மாற்ற வேண்டிய கெடு 1,05,000 மைல் அல்லது 7 ஆண்டு, எது முந்துகிறதோ அது. மைல் குறைவு என்பதற்காகப் பழைய பெல்ட்டை நம்பக் கூடாது. ரப்பர் வயதாலும் கெடும். ப்ரெலூடில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் ஆயில் கசிந்து தளர்ந்தால் பெல்ட் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அதனால் பலர் 1996 வரையிலான ப்ரெலூடில் வந்த, கையால் இறுக்கும் டென்ஷனரை மாற்றிப் பொருத்துகிறார்கள். அதை இறுக்கும் முறை: நட்டைத் தளர்த்தி, கிராங்கை இடஞ்சுழியாக, கேம் புல்லியில் 3 பல் நகரும் அளவு திருப்பி, நட்டை முடுக்க வேண்டும். இந்த எஞ்சின் சுற்றுவதே இடஞ்சுழி. வலப்பக்கம் திருப்பினால் இறுக்கம் தப்பாக அமையும். பேலன்சர் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க், கேம் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒடிஸி தொந்தரவு குறைவான வண்டி. நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சப்படுத்த 3 சிலிண்டர்களை அணைத்துவிடும் விசிஎம் இருப்பதால், அதிர்வைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட்களைப் பாருங்கள். 87 ஆக்டேன் பெட்ரோலே போதும்; ப்ரெலூட் 91 கேட்கும்.

ப்ரெலூடின் சிலிண்டர் சுவர் இழை கலந்த அலுமினியம். அதற்கென்று உள்ள பிஸ்டன் ரிங்கைத் தவிர வேறு போட்டால் சுவர் தேயும். தேய்ந்தது ஆயில் குடிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரில் 6,000 வரை ஏற்றி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்து வேகம் இறங்கவிட்டு, மறுபடி மிதியுங்கள். பின்கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.