பாசியும் பழந்தின்னியும்

கிணற்றுக்கட்டில் வழுக்குவதையும் மட்டக்களப்பு வாவியில் மிதப்பதையும் நாம் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான் சொல்வது கல்லில் ஒட்டி வளரும் இலைப்பாசி. இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஒரேயொரு ஊற்றோரப் பாறையில் சில சதுர மீற்றருக்குள் ஓரினம் மிஞ்சியிருக்கிறது. வேர் கிடையாது, இலையாலேயே நீர் குடிக்கும். ஊற்று மாசுபட்டால் கதை முடிந்தது.

அதேபோல அருகிப்போன, கொமொரோஸ் தீவுநாட்டின் லிவிங்ஸ்டன் பழந்தின்னி வௌவாலுக்கு வாழ இரண்டு தீவு உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான்; காடு போனால் ஈடுகட்ட வழியில்லை.

நம்மூர்ப் பழந்தின்னி அந்தளவுக்கு அருகவில்லை. அதற்காக மாமரத்தில் தங்கூசி வலையைத் தொங்கவிடாதீர்கள், சிறகு சிக்கிக் கிழியும். கண் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த வலையைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சிக்கியதை வெறுங்கையால் தொடவே வேண்டாம்.