சிரபுஞ்சிக்குப் போய்வந்த பிறகு எங்கள் வளவு

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி யார் எழுதினாலும் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் உண்மைதான். கானாடுகாத்தானில் காரை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் படம் எடுப்பதும் அவற்றைத்தான். அந்த மாதிரி ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, அதை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று விளங்கியதென்னவோ வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில். ஒன்று லடாக்கில் மழையே எட்டிப் பார்க்காத லே. இன்னொன்று மழைக்கே பேர்போன சிரபுஞ்சி.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். செம்மண் பொட்டல், ஆறு கிடையாது. வருஷத்துக்கு சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அந்தக் காலத்தில் அதிகாரிகளை மிரட்டியதெல்லாம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை, அதாவது எங்கள் சீமையையும் சேர்த்துத்தான். அதைக் கேட்டே வளர்ந்ததால் ஊர் என்றாலே வறட்சி என்ற நினைப்பு மனதில் ஊறியிருந்தது. படிக்கச் சென்னை, வேலைக்குப் பெங்களூர் என்று கிளம்பிய பிறகு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் ஊருக்கு வந்துபோவேன்.

லே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். வருஷம் முழுக்கப் பெய்தாலும் 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. எங்கள் ஊரில் ஒரே ராத்திரி அடைமழையில் அவ்வளவும் பெய்துவிடும். கோடையில் போயிருந்தேன். சிந்து நதியை ஒட்டிய ஒரு கிராமத்தில், பார்லி வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டில் தங்கினேன். மலைமேல் பனி உருகி வரும் தண்ணீர்தான் ஊருக்கே ஆதாரம். அதைச் சின்னச் சின்ன வாய்க்கால்களில் பிரித்துவிட ஊரே ஒருவரை நியமித்திருக்கிறது. சுர்போன் என்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் பின்னாலேயே போனேன். வயதானவர், கையில் ஒரு மண்வெட்டி. வாய்க்கால் பிரியும் இடத்தில் குனிந்து, ஒரு தட்டைக் கல்லைப் புரட்டி எடுத்தார். அது இருந்த இடத்தில் புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்துக் காலால் மிதித்தார். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு, மறுபக்கம் திரும்பி ஓடியது. அந்தப் பக்கத்து வயலில் ஒரு பெண் தயாராக நின்றிருந்தார். முறை தவறி யாராவது மடையைத் திறந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இந்தியில் கேட்டேன். ஊர் அவர்களோடு பேசாது என்றார். அது போதும் போல.

அந்த வீடுகளின் கூரை தட்டையானது. நெட்டிலிங்கம் போல ஓங்கி வளரும் பாப்லர் மரத்தில் உத்திரம், மேலே வில்லோ குச்சிகள், அதற்கு மேல் மண். மழை வராது என்ற நம்பிக்கையில் கட்டியது. 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்துக் கொட்டியபோது அந்த நம்பிக்கை பொய்த்து, மண்வீடுகள் கரைந்து, நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அந்த மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. நடுவில் வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம். நாலு பக்கக் கூரையும் அதை நோக்கி, வீட்டுக்கு உள்ளே சாய்ந்திருக்கும். மழையை வெளியே தள்ளாமல் நடுவீட்டுக்குள் வரவழைக்கிற கூரை.

அப்புறம் சிரபுஞ்சி. அங்குள்ளவர்கள் சோஹ்ரா என்பார்கள். வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, எங்கள் ஊரைப்போல் பன்னிரண்டு மடங்கு. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்தது உலக சாதனை. பக்கத்தில் நொங்ரியாட்டில், உயிருள்ள மரத்தின் வேர்களைப் பின்னி வளர்த்த இரண்டடுக்கு வேர்ப்பாலத்தைப் பார்க்க மூவாயிரத்துக்கும் மேலான படிகள் இறங்கி ஏறினேன். பாலத்தின் அழகைப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

நான் போனது ஜனவரியில். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவை எல்லோரையும் போல நானும் ‘கோங்’ என்று கூப்பிட்டேன். நம் அக்கா மாதிரி. காலையில் குளிக்க அரை வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டினார். பாறை இடுக்கில் விரல் பருமனுக்கு ஒரு ஊற்று. அதில் மூங்கிலைப் பிளந்து சொருகியிருந்தது. அதன் முன்னால் மஞ்சள் கேன்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்களும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். குளிர்காலம் வந்தால் லாரித் தண்ணீரும் வாங்குவோம் என்றார். உலகத்தின் மழையெல்லாம் கொட்டுகிற ஊரில் தண்ணீர்க் கேன் வரிசை! எங்கள் ஊர் அடிகுழாயடியே கண்முன் நின்றது.

காரணம் ஒன்றும் புரியாததில்லை. பெய்கிற மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குள் முடிந்துவிடும். கீழே சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண், அதையும் பிடித்து நிறுத்தக் காடு குறைவு. செங்குத்தான சரிவில் விழுந்த தண்ணீர் நிற்காமல் வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது.

கோங்கிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த மலையில் வாழும் காசி (Khasi) பழங்குடி மக்களிடம் தாய்வழி வீடு கடைசி மகளுக்குத்தான். அவர்தான் அந்தக் கடைசி மகள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் பங்கு. கல்யாணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு அறை. பெண்பிள்ளை சீரோடு கிளம்பிவிட வேண்டியதுதான். அந்த ராத்திரி அடுப்பருகே குளிர்காய்ந்தபடி இதைச் சொன்னபோது, கோங் நம்பமுடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். ஐப்பசி அடைமழை. முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வழக்கமாக அறைக்குள் போனோடு கிடக்கிற நான், அன்றைக்கு வளவுத் தூணில் சாய்ந்து மழை பெய்து முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

முதலில் நாட்டு ஓட்டின் மேல் சடசடவென்ற சத்தம். அப்புறம் ஓட்டுவரிசைகளின் இடுக்கில் தண்ணீர் திரண்டு, நாலு மூலைத் தூம்புக்கும் ஒன்றுபோல வந்து சேர்ந்தது. அப்பத்தா இருந்தவரை மழை வந்தால் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. முதல் மழையைப் பிடிக்க விடமாட்டார். ‘ஓட்டைக் கழுவட்டும், இருங்க’ என்பார். தூம்பில் விழுவது கண்ணாடியாகத் தெளிந்த பிறகுதான் மூலைக்கு ஒரு பித்தளை அண்டாவை நகர்த்தி, வாயில் வெள்ளைத்துணி கட்டச் சொல்வார். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், காப்பிக்கும் அதுதான். அண்டா நிரம்பினால் மிச்சம் கல்பாவிய தரையில் ஓடி, சலதாரை வழியாகத் தெரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். கூரையில் தொடங்கி ஊருணி வரைக்கும் ஒரே ஏற்பாடு. மாளிகை என்று பேர் வாங்கிய வீட்டின் பாதி வேலை, தண்ணீர் பிடிப்பது.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் நகரத்தார் இங்கே வந்தார்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டை உயரத் தூக்கிக் கட்டுகிறார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வந்து பொட்டலில் குடியேறியவர்கள், தண்ணீருக்கு அஞ்சி மேடை போட்டு, அதே தண்ணீருக்காகக் கூரையையும் உள்ளே திருப்பியிருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மழை விட்டதும் ஊருணிக்குப் போனேன். செம்புராங்கல் படிகள் அப்படியே இருக்கின்றன. குடிக்க வைத்திருந்த ஊருணி அது. யாரும் கால் வைக்கக்கூடாது, துணி அலசக்கூடாது. சொல்லிவைக்க ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. லேயில் சுர்போன் சொன்ன அதே பதில்தான் இங்கும் செல்லுபடியாகியிருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதற்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் மேல் ரோடு வந்துவிட்டது. பக்கத்தில் மழை பெய்தும் ஊருணி முழங்கால் அளவுதான்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை; குரங்குத் தொல்லை; ஈரக் கல்லில் பெரியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வளவுக்கு மேல் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்று புள்ளிகள் பலரும் சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் போட்டும் விட்டார்கள். உள்ளே நின்றால் பட்டப்பகலில் லைட் வேண்டும், புழுக்கம் வேறு. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்காக இல்லை, பொங்கலுக்குப் புள்ளிக்கு ஒரு பானையாக வானத்துக்குக் கீழே பொங்கல் வைக்கும் இடம் அது என்பதற்காகவே மூடக்கூடாது என்றேன். வழுக்கலுக்குக் கைப்பிடி போடலாம், குரங்குக்குக் கம்பிவலை கட்டலாம், ஓட்டை மட்டும் மாற்றுவோம் என்றேன். லேயையும் கோங்கையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டார்கள்.

சாவி வைத்திருக்கும் பெரியப்பச்சிதான் (பெரியப்பா) கடைசியில் பேசினார். “பங்கு இல்லாத பிள்ளை இம்புட்டு யோசிக்குது, நாம யோசிக்காம இருந்தா எப்படி?” என்றார். செலவில் ஒரு பகுதி நான் தருகிறேன் என்றபோது முதலில் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி ஆத்தா, மேற்குப் பக்க ஓட்டுக்கு நீ காசு போடு, ஆள் நான் பிடிக்கிறேன். ஆடிக்குள்ள முடிச்சிரணும்” என்றார். அரியக்குடிப் பக்கம் ஓடு வேயத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறாராம், மகனும் கூடவே வேலைக்கு வருகிறானாம். பங்குனியில் அவர்களைப் பார்க்கப் போகிறோம்.