கொழிஞ்சாம்பாறையில் ஒரு கோல்கீப்பர்

என் கடவுச்சீட்டில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று இருக்கும். மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. 'அனாக் பெரம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. இன்னாரின் மகள் என்று பொருள். ஆண்களுக்கு 'ஏ/எல்'. 2022இல் கல்யாணமாகிப் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்த புதிதில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "ஆந்திராவா? தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!" என்றார். ஏ.பி. என்றால் ஆந்திரப் பிரதேசம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வீட்டு அக்கா ஒரு மாதம் என்னை ஆந்திராக்காரி என்றே கூப்பிட்டார்.

நான் சிரம்பான்காரி. கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் என்பதற்கு எங்களிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆகவே வம்சாவளியைக் காட்டி ஓ.சி.ஐ. அட்டை, அதாவது விசா இல்லாமல் இந்தியாவில் தங்க உரிமை தரும் அட்டை, வாங்க வழியில்லை. "தமிழச்சி தமிழ் வீட்டுக்குத்தானே வாழ்க்கைப்பட்டுப் போகிறாய், இதில் என்ன வெளிநாடு?" என்றார் சிரம்பானில் என் சித்தி. வந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் ஊர் இருப்பது கேரளத்தில். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது மலையாளம். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வேலந்தாவளம் பக்கம் போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் பக்கம் போனால் பொள்ளாச்சி என்று திசையை வைத்தே முதல் ஆறு மாதம் ஓட்டினேன்.

பேச்சிலும் சறுக்கல்கள். வந்த இரண்டாம் நாள் காலையில் அத்தையிடம், "பசியாறிவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். எங்களுக்குப் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. அத்தையின் முகம் மாறிவிட்டது. "இந்த வீட்டில் யாரும் பசியோடு கிடக்கவில்லை, அம்மிணி" என்றார். அதற்குப் பிறகு இட்லி சாப்பிட்டாயிற்றா என்று பெயர் சொல்லியே கேட்கப் பழகினேன். மலேசிய ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். மளிகைக் கடையில் "எத்தனை வெள்ளி?" என்று வாய் தவறிக் கேட்டதற்கு, நகைக்கடை பொள்ளாச்சியில் இருக்கிறது என்று பதில் வந்தது.

கேரளத்தில் கரிசல் மண் உள்ள இடம் எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் வட்டாரம்தான் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். தென்னை, கள், ஆழியாற்றுத் தண்ணீர் இந்த வருஷம் எப்போது வரும் என்ற கவலை: பேச்சு எங்கே தொடங்கினாலும் இவற்றில் ஒன்றில் போய் நிற்கும். இவற்றில் எதிலும் சேர்ந்துகொள்ள எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஃபுட்சல்: அணிக்கு ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் கால்பந்து.

மலேசியாவில் ஃபுட்சல் மைதானம் இல்லாத சிறு நகரம் அபூர்வம். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் கோல்கீப்பர். இங்கே வந்ததும் பெரிய சாலையோரம் பச்சை விளக்கொளியில் ஒரு டர்ஃபைக் கண்டு மனம் துள்ளியது. ஆனால் அது ஃபுட்சல் இல்லை. அங்கே செயற்கைப் புல், நாலு பக்கமும் வலை. பந்து வலையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. ஃபுட்சலுக்குக் கெட்டியான, வழுவழுப்பான தரை வேண்டும். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், சுற்றிலும் வெறும் கோடு. கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அவர்கள் நான்கு விநாடிக்குள் அதை உள்ளே உதைக்க வேண்டும். கோல்கீப்பரும் தன் பாதியில் நான்கு விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்க முடியாது. பந்துகூட வேறு: அளவில் சிறியது, எழும்பாது. இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்து நிற்கும்போது கடிகாரமும் நிற்கும். ஓர் அணி ஒரு பாதியில் ஆறாவது ஃபவுல் செய்ததிலிருந்து, எதிரணி அடிக்கும் ஃப்ரீ கிக்குக்கு முன்னால் ஆட்களைத் தடுப்புச் சுவராக நிறுத்த அதற்கு உரிமை இல்லை. கோல்கீப்பர் தனியாக நிற்க வேண்டியதுதான். அந்தத் தனிமை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் இங்கே யாருக்கும் விளங்கவில்லை.

கெட்டியான தரை எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களம். உண்மையான மைதானத்தில் பாதிகூட வராது. ஆனால் மட்டமாக, பள்ளம் இல்லாமல் இருந்தது. விடுமுறைக்குச் சிரம்பான் போய்த் திரும்பும்போது ஃபுட்சல் பந்து ஒன்றைக் காற்றிறக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாலையில் களத்துச் சுவரில் தனியாக அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலில் வந்தது பக்கத்துத் தோட்டத்து ஒன்பதாம் வகுப்புப் பெண். பிறகு அவளுடைய தோழிகள். தமிழ்ப் பிரிவில் படிப்பவர்கள் 'அக்கா' என்பார்கள், மலையாளப் பிரிவில் படிப்பவர்கள் 'சேச்சி' என்பார்கள். நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். அத்தை வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: கொப்பரை காயும்போது களத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது.

டர்ஃபில் அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பந்து வலையில் பட்டுத் திரும்பி வரும் என்று காத்து நிற்பார்கள். அது களத்தைத் தாண்டி வாய்க்காலுக்குள் போய்விடும். மார்கழியில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் சாதாரணக் கால்பந்து சொல்பேச்சுக் கேட்காது. இந்த எழும்பாத பந்து கேட்கும். உள்ளங்காலால் பந்தை உருட்டி நிறுத்தச் சொல்லிக்கொடுக்க மட்டும் மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு நாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், "பெண்களுக்கு இதில் நாட்டு அணி உண்டா அக்கா?" என்று கேட்டாள். நான் நீலாயைப் பற்றிச் சொன்னேன்.

2015 செப்டம்பரில் மகளிருக்கான ஆசிய ஃபுட்சல் போட்டி முதல் தடவையாக நடந்தது எங்கள் நீலாயில்தான். சிரம்பானிலிருந்து அரைமணி நேரம். இறுதி ஆட்டம் 26ஆம் தேதி, சனிக்கிழமை. கல்லூரித் தோழிகள் நாலு பேர் போனோம். ஈரானும் ஜப்பானும் மோதின. ஈரான் பெண்கள் தலையை மூடிய உடையில் ஆடினார்கள். கால்பந்து விதிகள் அதை முறைப்படி அனுமதித்தது அதற்கு முந்தைய வருஷம்தான். ஒரே ஒரு கோல், ஈரான் வென்றது. அவர்கள் அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த அணியின் தலைவி அங்கே இல்லை. நிலூஃபர் அர்தலான். ஊரில் அவருக்கு 'லேடி கோல்' என்று பெயர். அந்த நாட்டுச் சட்டப்படி மணமான பெண் கடவுச்சீட்டு எடுக்கக் கணவரின் சம்மதம் வேண்டும். மகன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் நாளில் தாய் கூட இருக்க வேண்டும் என்று சொல்லி அவருடைய கணவர் சம்மதம் தரவில்லை. அர்தலான் அதை வெளிப்படையாகப் பேசினார், உலகமெங்கும் செய்தியானது. அதே ஆண்டு நவம்பரில் குவாதமாலாவில் நடந்த போட்டிக்கு நீதித்துறையின் தனி அனுமதி பெற்றுப் போய் ஆடினார். நீலாயில் கூட்டத்தோடு கைதட்டியபோது எங்களுக்கு வயது இருபது. "ஒரு கையெழுத்துக்காகவா!" என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் கொதித்தோம். மலேசியாவில் பிறந்த நமக்கு அப்படி ஒன்றும் வராது என்று ஒருத்தி சொன்னாள். அது நான்தான்.

இப்போது என் விசாவை நீட்டிக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'இவர் என் மனைவி, என்னோடு வசிக்கிறார், இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு.' கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தால் மனைவி என்ற உரிமையில் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் எங்கள் கல்யாணச் சான்றிதழில் யாரோ அந்த 'ஏ/பி'யை விட்டுவிட்டார்கள். திருத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் நல்ல மனிதர். கேட்ட அன்றே எழுதிக் கொடுப்பார். ஈரானின் சட்டமும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையெழுத்திட மறுத்தால் எனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, அர்தலானுக்கோ வாசலைத் தாண்டுவதே முடியாமல் போயிற்று. இருந்தாலும் அவர் பேனாவைத் தேடும் அந்த அரை நிமிடம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அர்தலானைப் பற்றி மட்டும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "நம் நாட்டுக்கு அணி இருக்கிறதா என்றுதானே கேட்டோம்?" என்றாள். இருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில்தான் இந்தியப் பெண்கள் முதன்முதலாக இறங்கினார்கள். இந்தோனேசியா, ஹாங்காங், கிர்கிஸ்தான் அடங்கிய பிரிவு. மேலே போக முடியவில்லை. "அப்படியென்றால் நம் களத்துக்குத்தான் வயது அதிகம்" என்றாள் அவள். கணக்குப் பார்த்தால் சரிதான், மூன்று மாதம் அதிகம்.

மகளிர் ஃபுட்சலுக்கு ஃபிஃபா உலகக் கோப்பை நடத்தியதும் அதே 2025இல்தான். ஆண்களுக்கு 1989இலேயே தொடங்கிவிட்டது. பிலிப்பைன்ஸ், பாசிக் நகரம், நவம்பர் 21 முதல் டிசம்பர் 7 வரை, பதினாறு அணிகள். மலேசியாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆகவே எனக்கு எந்தக் கட்சி என்ற சிக்கல் வரவில்லை. ஆசியாவிலிருந்து ஜப்பான், தாய்லாந்து, ஈரான், போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸ். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம். திண்ணையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தோம். ஈரானுக்குப் பிரேசிலும் இத்தாலியும் இருந்த பிரிவு, அதைத் தாண்டவில்லை. என்னைத் தவிர யாரும் அதற்காக வருந்தவில்லை.

இந்த ஊரில் உலகக் கோப்பை வந்தால் முச்சந்தியெல்லாம் அர்ஜென்டினா, பிரேசில் தட்டிகள் நிற்கும். அந்த நாடுகளின் பெண்கள் ஆடும்போது ஒரு தட்டியும் இல்லை. டிசம்பர் 7 ஞாயிறு, பிரேசிலும் போர்ச்சுகலும் இறுதி ஆட்டம். எட்டுப் பிள்ளைகள், அவர்களில் இரண்டு பேரின் தாய்மார், அத்தை. முதல் கோல் விழுந்ததும் அத்தைதான் முதலில் கத்தினார். எந்த அணி அடித்தது என்று பிறகு கேட்டார். மூன்றுக்குப் பூஜ்யம், பிரேசில் முதல் சாம்பியன். போர்ச்சுகல் கோல்கீப்பரைக் களப்பக்கம் முன்னேறி ஆட வைத்து ஐந்து பேராகத் தாக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்து வாயைத் திறப்பதற்குள், மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேகத்தில் பாலக்காட்டில் பெண் பிள்ளைகளுக்கான ஐவர் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தோம். ஜனவரியில். டர்ஃப்தான், வேறு வழியில்லை. விண்ணப்பம் மலையாளத்தில் வந்தது. கடைசி வரியை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் வாசித்துச் சொன்னாள்: தந்தையின் கையெழுத்து.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். மங்களூருக்குப் போயிருந்தார்; வர ஐந்து நாளாகும். விண்ணப்பம் மறுநாள் போக வேண்டும். மாலையில் அவளும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போனில் கேட்டாயிற்று, அவர் "வந்து பார்க்கலாம்" என்றாராம். "நான் போட்டால் செல்லுமா?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. செல்லும் என்று சொன்னேன். "அவர் வந்து கேட்டால்?" என்றார். அதற்கு எனக்கு முன்னால் அத்தை, "என் களத்தில் ஆடுகிற பிள்ளை. என்னைக் கேட்கச் சொல்" என்றார்.

அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை முழங்காலில் வைத்து, தமிழில் தன் பெயரைக் கோர்த்துக் கோர்த்து எழுதினார். மலையாளக் காகிதத்தின் அடியில் அந்தத் தமிழெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் எண்ணிப் பார்த்து எட்டு என்றார்; யார் கையெழுத்து என்று பார்க்கவேயில்லை.

என் விசா மார்ச்சில் முடிகிறது. கடிதத்தை இந்தத் தடவை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து கொப்பரை அள்ளியதும் களம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவரை பிள்ளைகள் வாய்க்கால் மேட்டில் ஓடிப் பழகுகிறார்கள்.