பட்டம் கைக்கு வரும் முன்பே மேற்படிப்பில் சேர்வது

கடைசித் தேர்வு எழுதிய நாள், ரிசல்ட் வந்த நாள், பட்டம் வழங்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஏறும் நாள், பட்டமளிப்பு விழா நாள் என்று நான்கு இருக்கின்றன. பெரும்பாலும் மேற்படிப்புக்குச் சேரும் இடம் கேட்பது மூன்றாவதை. விழாவுக்குப் போகாமலேயே பட்டதாரி ஆகலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஒரு சில தேதிகளில்தான் பட்டம் வழங்கும். அதற்குள் புது வகுப்பு தொடங்கிவிடும்.

இந்த இடைவெளிக்காகத்தான் நிபந்தனையுடன் அட்மிஷன் தருகிறார்கள். அந்தக் கடிதத்தின் நிபந்தனைப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 'படிப்பை முடித்திருக்க வேண்டும்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 'பட்டம் வழங்கப்பட்டிருக்க வேண்டும்' என்று இருந்தால், உங்கள் பட்டம் பதிவாகும் தேதியைச் சொல்லி, அதுவரை எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். போனில் யாரோ 'பரவாயில்லை' என்று சொன்னது பிறகு எடுபடாது.

பெரும்பாலும் கேட்பது ப்ரொவிஷனல் சான்றிதழ் (பட்டம் வரும்வரை தரும் தற்காலிகச் சான்று) அல்லது படிப்பு முடித்ததற்கான கடிதம். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பதிவு எண், பட்டமும் பாடப்பிரிவும், எல்லாத் தேவைகளும் நிறைவேறிய தேதி, பட்டம் வழங்கப்படவிருக்கும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். கையெழுத்து பதிவாளருடையதாகவோ தேர்வுக் கட்டுப்பாட்டாளருடையதாகவோ இருக்கட்டும். துறைத்தலைவர் கடிதத்தைப் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். வேறு துறையில் எடுத்த பாடத்துக்கும் கட்டாத பாக்கிக்கும் அவர் உத்தரவாதம் தர முடியாதே. 'முடித்துவிடுவார்' என்று எழுதிய கடிதமும் செல்லாது. 'முடித்துவிட்டார்' என்று இருக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியலில். மதிப்பெண் வந்ததும் அவசரப்பட்டு ஆர்டர் செய்துவிடுவார்கள். சீல், கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். பட்டத்தின் பெயரும் வழங்கிய தேதியும் உள்ள அந்த ஒரு வரி மட்டும் இருக்காது. கட்டணம் போனதுதான் மிச்சம். ஆர்டர் படிவத்தில் 'பட்டம் பதிவான பிறகு அனுப்பவும்' என்ற தெரிவு இருந்தால் அதை டிக் செய்யுங்கள். காகிதமாக வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்ததை அதிகாரபூர்வ நகலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பட்டம் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு தவறினால் அடுத்த சுற்றுதான். நூலக அபராதம் போன்ற சில்லறைப் பாக்கிகூட டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும். கடைசிப் பாடத்தை வேறு கல்லூரியில் படித்திருந்தால், அந்த மதிப்பெண் உங்கள் கல்லூரிக்கு வந்து கிரெடிட்டாக ஏற வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அரியர் இருப்பவர்களும் மறுமதிப்பீட்டுக்குப் போட்டவர்களும் வகுப்பு தொடங்கும்வரை காத்திராமல், சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேட்பது நல்லது.

அட்மிஷன் அலுவலகம் அவகாசம் தந்தாலே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. உதவித்தொகை, கற்பித்தல் உதவியாளர் சம்பளம், விசா ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் வேறு; அவர்கள் வைக்கும் கெடுவும் வேறாக இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சான்று வராவிட்டால் பெரும்பாலும் முதல் பருவம் ஓடிவிடும். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யும்போதுதான் பூட்டு விழும். டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்த பிறகு, சேர்ந்த பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் நிபந்தனை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கவில்லையென்றால், அனுப்பிய தேதியும் ஆர்டர் எண்ணும் போட்டு மெயில் அனுப்புங்கள்.