கோயாசான்: பெண்கள் நின்ற வாசல்

நவம்பர் 7, செவ்வாய்

ஜப்பானின் கோயாசான் மலை ஏறுமுன், அடிவாரத்து ஊரான குடோயாமாவில் இறங்கி ஜிசோனின் என்ற கோயிலுக்குப் போனேன். கோயாசானில் பௌத்த மடம் அமைத்த கூகாய் துறவியின் தாய் கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார் என்கிறார்கள். 816-இல் பேரரசர் சாகாவிடமிருந்து மலையையே பெற்றவர் மகன்; பெற்ற தாய்க்கோ, பெண் என்பதால், மேலே போக அனுமதியில்லை. மாதம் ஒன்பது தடவை மகனே இறங்கி வந்து பார்த்தார் என்பது ஐதீகம்.

சந்நிதி முன்னால் வேண்டுதல் பலகைகள். பஞ்சைத் துணியில் பொதிந்து, மார்பு வடிவில் இரண்டிரண்டாகத் தைத்து ஒட்டியிருக்கிறார்கள். சுகப்பிரசவம், தாய்ப்பால், மார்பகப் புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் இங்கே வேண்டிக்கொள்கிறார்கள். வெகுநேரம் நகர மனமில்லை.

பிறகு ரயில், கேபிள் கார், பேருந்து. நியோனிந்தோ என்ற பெண்கள் மண்டபத்தில் இறங்கிவிட்டேன். மலைக்கு ஏழு நுழைவாயில்கள். ஒவ்வொன்றிலும் பெண்கள் தங்கிக் கும்பிட ஒரு மண்டபம் இருந்தது. மிஞ்சியது இது மட்டும். 1872-இல் அரசு பெண்களுக்கான தடையை நீக்கியது. மலை அதை ஏற்க இன்னும் பல வருஷங்கள் பிடித்தன.

நவம்பர் 8, புதன்

மடத்தில் விடியற்காலைப் பூஜை, பூண்டு வெங்காயம் சேராத சாப்பாடு. எள் தோஃபு அருமை.

கொன்போன் தாய்தோ கோபுரத்தின் உள்ளே கூகாயின் பௌத்த மரபைச் சேர்ந்த எட்டு ஆசாரியர்களின் ஓவியங்கள். அவர்களில் ஒருவர் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் போன வஜ்ரபோதி. அவர் முன்னால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நவம்பர் 9, வியாழன்

ஒகுனோயின் மயானம். தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, இருபுறமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். படைத்தலைவர் ஓடா நோபுநாகாவுக்கும் அவரை வீழ்த்திய அகெச்சி மித்சுஹிதேவுக்கும் ஒரே காட்டில் கல் நட்டிருக்கிறார்கள். கூகாய் 835 முதல் இங்கே தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை. இன்றும் தினம் இருவேளை அவருக்கு உணவு போகிறது.

நான் தேடி வந்தது விளக்கு மண்டபத்தை. ஆயிரம் வருஷமாக அணையாதவை என்று சொல்லப்படும் விளக்குகளில் ஒன்று பேரரசர் ஷிராகாவா கொடுத்தது. இன்னொன்று ஒத்தேரு என்ற ஏழைப் பெண், வளர்த்த பெற்றோருக்காகத் தன் கூந்தலை விற்று ஏற்றியது என்று கதை. விளக்கு மலைமேல் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் ஏறியிருக்க முடியாது, தடை அப்போதும் இருந்தது. இந்த மலையில் எனக்குப் பெரியவள் ஒத்தேருதான்.

கோயாசான் வருகிறவர்கள் நேரே ஒகுனோயினுக்குப் போய்விடாதீர்கள். நியோனிந்தோ வாசலிலேயே பேருந்து நிற்கும். ஒரு பத்து நிமிஷம் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.